சனிக்கிழமை ஒரு மணி நேரம்
பனமலை வட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய ஆசிரியர்களே,

உங்களிடம் ஒரு சாவியைக் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். பனமலை, அன்னியூர், விக்கிரவாண்டி, செஞ்சி, திண்டிவனம் என்று நம் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பணிபுரியும் உங்கள் எல்லோருக்கும் பொதுவான மடல் இது. அறிவியல் பாடம் எடுப்பவர்கள் இரண்டு முறை படித்தால் நல்லது. நானும் உங்களில் ஒருவன்தான். முப்பது வருஷத்துக்கு மேல் இயற்பியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன். வெளியாள் யாரோ உபதேசம் செய்ய வந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள்.

2017 பிப்ரவரியில் நடந்த ஒன்றை முதலில் கேளுங்கள். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியா என்றொரு தீவு. அங்கே பாப் ஃபிளெட்சர் என்ற ஆசிரியர். நம்மைப் போல அறிவியல் பாடம் எடுப்பவர். கணினித் திரையில் அவர் வானத்தின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பொம்மை வரைந்து, பக்கங்களைச் சர்ரென்று புரட்டி ஓடவிடுவார்களே நம் பிள்ளைகள், அதே மாதிரிதான். வானத்தின் ஒரே துண்டை வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்கள் அடுத்தடுத்து வந்து போகும். எல்லாப் புள்ளியும் நின்ற இடத்தில் நிற்க, மிக மிக மங்கலான ஒன்று மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அதைக் குறித்து அனுப்பினார். ரஷ்யாவிலும் செர்பியாவிலும் அமெரிக்காவிலும் இருந்த இன்னும் மூன்று பேர், இவரை அறியாமலே, அதே புள்ளியைக் குறித்து அனுப்பியிருந்தார்கள். ஹவாயில் நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தபோது, அது ஒரு பழுப்புக் குறுமீன் என்று உறுதியானது. சுமார் 110 ஒளியாண்டு தொலைவு. அதே வருஷம் வெளியான ஆய்வுக் கட்டுரையில் விஞ்ஞானிகளின் பெயர்களோடு அந்த ஆசிரியரின் பெயரும் கட்டுரையை எழுதியோர் வரிசையில் அச்சானது. தன்னார்வலர்களை அப்படிப் பார்க்கவைத்த பேக்யார்டு வேர்ல்ட்ஸ் என்ற திட்டம் தொடங்கி அப்போது ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

இந்தச் செய்தியை நான் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். பழுப்புக் குறுமீன் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், வகுப்பில் நீங்கள் சொல்ல உதவும்.

நம் பக்கத்துச் செங்கல் சூளையை நினைத்துக்கொள்ளுங்கள். தீ அணைந்து இரண்டு நாள் ஆன சூளை. ராத்திரியில் தூரத்திலிருந்து பார்த்தால் இருட்டில் இருட்டாகக் கிடக்கும். கிட்டே போய் உள்ளங்கையை நீட்டினால் அனல் முகத்தில் அடிக்கும். வெளிச்சம் போய்விட்டது, வெப்பம் போகவில்லை. பழுப்புக் குறுமீன் அப்படிப்பட்ட சூளை. ஒரு வித்தியாசம், இதில் தீ சரியாகப் பற்றவே இல்லை. விண்மீனைப் போலவே வாயு மேகம் சுருங்கித்தான் பிறக்கிறது. ஆனால் சூரியனின் எடையில் ஏறத்தாழ 7 விழுக்காடாவது இருந்தால்தான் நடுவில் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து நிலையாக எரியும். அந்த அளவு எட்டாதது பிறந்தபோது சேர்ந்த சூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஆறிக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்கு எட்டும் ஒளி அதில் இல்லாத குறைதான். அகச்சிவப்பில் பார்த்தால் அனல் தெரியும். 2009 டிசம்பரில் ஏவப்பட்ட வைஸ் விண்கலம் வானம் முழுவதற்கும் அப்படி உள்ளங்கையை நீட்டிப் பார்த்தது. இடையில் சில ஆண்டு உறக்கம் போக, 2024 வரை திரும்பத் திரும்பப் படம் எடுத்தது. டாஸ்மேனியா ஆசிரியர் புரட்டியது அந்தப் படங்களைத்தான்.

அவர் கண்ட குறுமீனின் பெயர் வைஸ்இஏ 1101+5400. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது வெறும் கதவிலக்கம். 11 மணி 01 நிமிடம் என்பது வானத்தின் தீர்க்கரேகை மாதிரி. +54 பாகை என்பது அட்சரேகை மாதிரி. அந்த முகவரிக்குப் போனால் எங்கே நிற்போம் தெரியுமா? சப்தரிஷி மண்டலத்தில். நம் கல்யாணங்களில் மணப்பெண்ணுக்கு அருந்ததி காட்டுகிறோமே, வசிஷ்டரை ஒட்டிய அந்த அருந்ததி இருக்கும் அதே கூட்டம். ஏப்ரல் மாதம் ராத்திரி 9 மணிக்கு வடக்கே பாருங்கள். கிரது, புலஹர் என்ற இரண்டு மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். கீழே கிரது, மேலே புலஹர். இந்த இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்துக் கீழே நீட்டித்தான் துருவ நட்சத்திரத்தைக் காட்டுவோம். அதே கோட்டைப் புலஹரிலிருந்து மேலே, அவை இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவாக நீட்டுங்கள். கையை நீட்டிப் பிடித்தால் ஒன்றரை விரல் அகலம். அங்கே உங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியாது. எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அது அங்கேதான் இருக்கிறது. அதைக் கண்டவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர்.

எனக்குத் தூக்கம் வராத காரணத்தை இப்போது சொல்கிறேன். 1995-இல் ஒரு நாள், வகுப்பு முடிந்து நான் வெளியே வரும்போது ஒரு பையன் செய்தித்தாளிலிருந்து கிழித்த துண்டைக் கொண்டுவந்து நீட்டினான். "சார், கார்த்திகை நட்சத்திரத்துக்குள்ள புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்களாம் சார். நட்சத்திரமும் இல்லியாம், கிரகமும் இல்லியாம். அப்படின்னா என்ன சார்?" அந்த வருஷம் கேனரித் தீவுகளின் வானியலாளர்கள், நாம் அறுமீன் என்று சொல்லும் கார்த்திகைக் கூட்டத்தில் டெய்டே 1 என்ற பழுப்புக் குறுமீனைக் கண்டு அறிவித்திருந்தார்கள். உலகம் முதன்முதலாக உறுதியாகக் கண்ட பழுப்புக் குறுமீன்களில் ஒன்று. எனக்கு அது அன்று தெரியாது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சேர்ந்து படிப்போம் என்று சொல்லியிருக்கலாம். "இதெல்லாம் பரீட்சைக்கு வராதுப்பா, போய் ஒளியியல் கணக்கைப் போடு" என்று சொன்னேன். அவன் அந்தத் துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். அதன்பிறகு அவன் என்னிடம் எதையும் கொண்டுவரவில்லை.

அந்த மடிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. நீங்களும் அந்தத் தவறைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நம்முடைய பள்ளிகளில் இன்று ஹைடெக் லேப் இருக்கிறது. கணினிகள் வரிசையாக இருக்கின்றன, இணைய இணைப்பும் வந்துவிட்டது. என் காலத்தில் ஒரு குவியாடி வாங்க மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது. போன வருஷம் ஒரு பள்ளிக்குப் பேசப் போயிருந்தேன், எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. லேபில் படம் காட்டிப் பேசலாம் என்று கேட்டேன். சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார். மரத்தடியில் நின்று பேசினேன். ஜன்னல் வழியே பார்த்தேன், கணினிகள் மேல் போட்ட பிளாஸ்டிக் உறைகளில் ஒரு கைத்தடம்கூட இல்லாமல் தூசி படிந்திருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னைக் கேட்டாள்: "அந்த ரூம்ல இருக்கிற கம்ப்யூட்டர் எங்களுக்கா சார், இன்ஸ்பெக்‌ஷனுக்கா?"

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாததில்லை. எமிஸ் பதிவு, தேர்வு, பயிற்சி, மறுபடியும் தேர்வு. காலியாகக் கிடக்கும் பணியிடத்தின் பாடத்தையும் சேர்த்து எடுக்கிறீர்கள். ஏதாவது ஒரு கணினி பழுதானால் யார் பொறுப்பு என்ற பயத்தில்தான் பூட்டுகிறீர்கள். அது நியாயமான பயம்தான். ஆனால் தொட்டுப் பழுதான கணினியைச் சரிசெய்ய ஆள் உண்டு. தொடாமலே பழையதாகிப் போகும் கணினி யாருக்குப் பயன்பட்டது?

அந்தக் கணினிகளில் வைஸ் படங்களைப் புரட்டலாம் என்றால், "பிள்ளைகள் இதை எப்படிச் செய்வார்கள், இங்கிலீஷ் வராதே" என்று சொல்வீர்கள். இதற்குத் தேவையான முதல் தகுதி பொறுமையாகப் பார்ப்பது. அது நம் பிள்ளைகளுக்கு வரும் என்பதைப் பனமலைக் குன்றின் மேல் என் கண்ணாலேயே பார்த்தவன் நான். தாளகிரீசுவரர் கோயிலுக்கு வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கோயில், 1,300 வருஷப் பழமை. அங்கே சிறு சன்னிதி ஒன்றின் சுவரில் இருக்கும் ஓவியம் உங்களுக்குத் தெரியும். உள்ளே நுழைந்ததும் எல்லாரும் ஒரே குரலில், "சார், ஒண்ணும் தெரியல சார்" என்பார்கள். நான் எதையும் காட்டிக் கொடுக்க மாட்டேன். வெயிலிலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று ஐந்து நிமிஷம் சும்மா நிற்கச் சொல்வேன். மெல்ல ஒருவன், "கிரீடம் சார்" என்பான். அடுத்தவள், "கொட மாதிரி ஒண்ணு இருக்குது சார்" என்பாள். பிறகு சுவரில் பாதம் ஊன்றி மடக்கிய கால், சாய்ந்த தோள், அப்புறம் உமையின் முகம். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வெறும் சுவராக இருந்தது அது. வண்ணம் உதிர்ந்த இடத்தில் மிச்சமிருக்கும் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓர் உருவத்தையே மீட்டெடுத்த கண்கள் அவை. அந்தக் கண்களுக்கு வைஸ் படங்கள் புதிதல்ல.

இதைச் செய்யக் கணினி நிரலே போதாதா என்றும் கேட்பீர்கள். நிரல்கள் உண்டு. ஆனால் அந்தப் படங்களில் பொய்ப் புள்ளிகள் ஏராளம். பிரகாசமான விண்மீனைச் சுற்றி முள் முள்ளாகச் சிதறும் ஒளி இருக்கும். ஒரே ஒரு படத்தில் மட்டும் பளிச்சென்று தோன்றி அடுத்ததில் காணாமல் போகும் துணுக்கு இருக்கும். உண்மையான குறுமீன் வேறு விதம். எல்லாப் படத்திலும் இருக்கும், ஒரே திசையில், சீராக, கொஞ்சம் கொஞ்சமாக நகரும். இந்த வித்தியாசத்தை மங்கலான புள்ளிகளில் பிரித்தறிவதில் மனிதக் கண் பல சமயம் நிரலை வென்றிருக்கிறது. 2020-இல் மட்டும், தன்னார்வலர்களின் துணையோடு சூரியனின் அக்கம்பக்கத்தில் 95 குளிர்ந்த குறுமீன்களைக் கண்டதாக பேக்யார்டு வேர்ல்ட்ஸ் திட்டம் அறிவித்தது.

டான் கேசல்டன் என்ற தன்னார்வலரின் கதை இன்னும் பொருத்தமானது. அவர் தாமே ஒரு நிரல் எழுதி, வழக்கமான குணம் கொண்ட குறுமீன்களைத் தேடிக்கொண்டிருந்தார். வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதே படத்தில் நிரல் பொருட்படுத்தாத ஒரு மங்கல் புள்ளி வேகமாக நகர்வதைக் கண்டார். தற்செயலாகக் கிடைத்ததால் அதற்கு 'விபத்து' என்றே செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். சுமார் 50 ஒளியாண்டு தொலைவு, ஆயிரம் கோடி ஆண்டு வயது இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 2025-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் வளிமண்டலத்தில் சிலேன் என்ற வாயுவைக் கண்டது. சிலிக்கனும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறு. வியாழனிலும் சனியிலும் அது இருக்கும் என்று விஞ்ஞானிகள் எவ்வளவோ காலமாக எதிர்பார்த்தும் கிடைக்காதது. அங்கே சிலிக்கன் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆழத்து மேகங்களில் மறைந்துவிடுகிறது. ஆக்சிஜன் குறைவாக இருந்த பழங்காலத்தில் பிறந்த இந்தக் குறுமீனில் வெளியே தெரிகிறது. ஒரு தனி மனிதரின் கண்ணில் பட்ட புள்ளி, நம் வியாழனைப் பற்றிய பழைய கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறது. "இதனால் என்ன பயன்" என்று கேட்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள்.

"இதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு" என்ற பேச்சு மட்டும் வேண்டாம். பழுப்புக் குறுமீன் என்ற எண்ணத்தையே கணக்குப் போட்டு முதலில் சொன்னவர்களில் முக்கியமானவர் இந்தியாவில் பிறந்த சிவ் குமார். எடை ஓர் அளவுக்குக் குறைந்தால் விண்மீன் பற்றாது என்று அவர் 1963-இல் கட்டுரை வெளியிட்டார். அந்த எடையில் நடுப்பகுதியைத் தாங்கிப் பிடித்து மேலும் சுருங்கவிடாமல் தடுப்பது நெருக்கியடித்த எலெக்ட்ரான்களின் அழுத்தம். அதே அழுத்தத்தை வெண்குறுமீன்களுக்குக் கணக்கிட்டுப் புகழ்பெற்ற சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். சென்னை வானாய்வகத்தில் கீழ்நிலை ஊழியராகச் சேர்ந்த ரகுநாதாச்சாரி, 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டார். ஜவ்வாது மலையின் காவலூர் நமக்கு எவ்வளவு தூரம்? அங்கிருந்துதான் ராஜமோகன் 1988 பிப்ரவரியில் ஒரு சிறுகோளைக் கண்டார், அதற்கு ராமானுஜன் என்று பெயர். 2020-இல் சூரத்தைச் சேர்ந்த இரண்டு பள்ளி மாணவிகள், தொலைநோக்கிப் படங்களைப் புரட்டி ஒரு சிறுகோளைக் கண்டார்கள். சூரத்துப் பிள்ளைகளுக்கு முடிந்தது அன்னியூர்ப் பிள்ளைகளுக்கு ஏன் முடியாது? வெளிச்சத்துக்கும் கண்ணுக்கும் ஊர் வித்தியாசம் கிடையாது. திறந்த அறைக்கும் பூட்டிய அறைக்கும்தான் வித்தியாசம்.

என் கோரிக்கைக்கு வருகிறேன்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, காலை 10 மணியிலிருந்து 11 மணி வரை, உங்கள் ஹைடெக் லேபைத் திறந்து வையுங்கள். பொதுத் தேர்வு இல்லாத எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் விருப்பப்பட்டவர்களை மட்டும் உட்காரவையுங்கள், ஒரு கணினிக்கு இரண்டு பேர். பகல் நேரம் என்பதால் பெண் பிள்ளைகளும் பயமில்லாமல் பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம். வைஸ் எடுத்த படங்கள் இன்றும் யாரும் காசில்லாமல் பார்க்கத் திறந்தே கிடக்கின்றன. மதிப்பெண் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், போட்டி வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். எந்த இடத்தைப் பார்த்தோம், என்ன தெரிந்தது, நகர்ந்ததா, ஏன் அது பொய்ப் புள்ளி என்று நினைக்கிறோம் என்று தமிழில் எழுதட்டும். 'எனக்கு நிச்சயமில்லை' என்று எழுதுகிற பிள்ளையைத் தட்டிக்கொடுங்கள். நம் வகுப்பறைகளில் அந்த வாக்கியத்துக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. அறிவியல் அந்த வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறது.

உங்கள் பிள்ளைகள் புதிய குறுமீன் கண்டுபிடிப்பார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மணிக்கணக்கில் பார்த்தும் ஒன்றும் சிக்காமல் போகலாம். டாஸ்மேனியாவில் ஓர் ஆசிரியருக்குக் கிடைத்தபோது, உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் பார்த்துக் கிடைக்காமல் எழுந்து போயிருப்பார்கள். ஆனால் தனக்குத் தெரியாத ஒன்றை, யாரும் இன்னும் விடை எழுதி வைக்காத ஒன்றை, தன் கண்ணால் தேடிய பிள்ளை பாடப்புத்தகத்தையும் வேறு கண்ணோடு திறக்கும். இதை மட்டும் முப்பது வருஷ அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

என் பங்குக்கு, படம் பார்க்கத் தேவையான இருபது ஆங்கிலச் சொற்களைத் தமிழ் விளக்கத்தோடு ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பொய்ப் புள்ளி எப்படி இருக்கும், உண்மையான நகர்வு எப்படி இருக்கும் என்று படமும் வரைந்திருக்கிறேன். கேட்கும் பள்ளிக்கெல்லாம் நகல் தருகிறேன். பஸ் போகும் தூரத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் முதல் இரண்டு சனிக்கிழமையும் என் செலவில் வந்து உட்காருகிறேன். ஏதாவது கணினி பழுதானால் நானும் சேர்ந்து பொறுப்பேற்று எழுத்தில் கையெழுத்துப் போடத் தயார். தலைமை ஆசிரியர்களே, இந்த வார ஆசிரியர் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். அறிவியல் ஆசிரியர்களே, உங்களில் ஒருவர் மட்டும் கையைத் தூக்குங்கள், போதும். பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரே, சாவி விடுப்பில் போகாமல் இருக்க, இன்னொரு சாவி வெட்டிக் கொடுங்கள்.

கோடை விடுமுறைக்கு முன்னால், ஏப்ரலில் ஒரு நாள், பிள்ளைகளைப் பெற்றோரோடு பனமலை ஏரிக்கரைக்கு வரச் சொல்லுங்கள். வடக்கே கிரதுவும் புலஹரும் ஏறி நிற்கும் நேரம். புலஹருக்கு மேலே ஒன்றரை விரல் தள்ளி, அந்தக் கறுப்பு இடத்தைக் காட்டுங்கள். அங்கே ஒன்று இருக்கிறது என்று சொல்லுங்கள். அதைக் கண்டவர்களில் ஒருவர் ஆசிரியர் என்றும் சொல்லுங்கள். யாராவது ஒரு பிள்ளை உங்களுக்கு விடை தெரியாத கேள்வியைக் கேட்கும். அப்போது, "தெரியலப்பா, சனிக்கிழமை லேபுக்கு வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். 1995-இல் நான் சொல்லத் தவறிய பதில் அது.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
பனமலை.